விளையில உப்புத்தண்ணி, தேங்கின தண்ணி: மரம் பத்தி வந்த கேள்விகள்

இந்த மழைக்கப்புறம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், விளையில (தோப்புல) தண்ணி வடியல மரம் வாடுதுன்னு. எல்லாத்துக்கும் சேர்த்தே சொல்லிருதேன்.

கேள்வி: மணக்குடி காயல் ஓரம் 30 தென்னை நிக்கு. ஐப்பசி மழைல ரெண்டு வாரம் தண்ணி கட்டிச்சு, இப்ப அடி ஓலையெல்லாம் நுனில இருந்து கருகி வருது. ஜிப்சம் போடச் சொல்றாங்க, போடலாமா?

இப்ப போடாதீங்க. ஜிப்சம் கேக்குறது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மண்ணுல ஒட்டி அத இறுக்கிப் போட்ட இடத்துக்கு. வெறும் உப்பு ஏறின மண்ணுல அதுவும் இன்னொரு உப்புதான். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துல விசாரிச்சு மண்ண டெஸ்ட் பண்ணுங்க, ஈசி (மண்ணுல உள்ள உப்போட அளவு) 4க்கு மேல வந்தா உப்பு மண், ஈஎஸ்பி (மண்ணுல ஒட்டின சோடியத்தோட சதவீதம்) 15க்கு மேல வந்தா களர்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ண புரிஞ்சுக்கணும், கெடுத்தது உப்பா தேங்கின தண்ணியான்னு பிரிச்சுப் பாக்காதீங்க. வேர் சும்மா இருந்தா உப்பு நிக்காது, உள்ள வர்ற சோடியத்த ஓயாம வெளிய தள்ளிட்டே இருக்கணும், அதுக்கு சக்தி வேணும், சக்திக்கு காத்து வேணும். தண்ணிக்குள்ள ஆக்சிஜன் நகர்றது காத்துல நகர்றதவிட சுமார் 10,000 மடங்கு மெதுவா. மூச்சு முட்டின வேர் உப்ப தள்ள முடியாம விட்டுருது, அது நேரா ஓலைக்கு ஏறிருது, பழைய ஓலைலதான் ரொம்ப சேரும், அதான் அடில இருந்து கருகுது. அதே உப்புத்தண்ணிதான், வடிகால் உள்ள விளையில மரம் தாங்குது, தேங்கின விளையில சாகுது.

அதனால முதல் வேலை ஓடை வெட்டுறது. அதுலயும் கவனம், பொழி (காயல் கடல்ல சேர்ற வாய்) மண்ணால மூடி காயல்ல தண்ணி ஏறி நிக்கும்போது வெட்டினா அந்தத் தண்ணி உங்க விளைக்குள்ள வந்துரும். பொழி உடைஞ்சு தண்ணி இறங்கினப்புறம் வெட்டி வாயில ஒரு மடை வைங்க. பிறகு மழையோ நல்ல கிணத்து தண்ணியோ நிறைய பாய்ச்சி உப்ப கழுவி அந்த ஓடை வழியா வெளிய விடுங்க. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் கிடைக்குது, இந்த வாய்ப்பு எல்லா ஊருக்கும் இல்ல. புதுக்குருத்து பச்சையா வர்ற வரைக்கும் உரம் வேண்டாம், பச்சை மிச்சமிருக்கிற ஓலைய வெட்டவும் வேண்டாம்.

கேள்வி: வயல நிரத்தி வச்ச பலா, 6 வயசு. அடில ஈரம் இருந்தும் இலை தொங்குது, இன்னும் தண்ணி விடணுமா?

விடாதீங்க தயவுசெஞ்சு! வேர் மூச்சில்லாம கிடந்தா பக்கத்துலயே தண்ணி இருந்தாலும் அதால உறிஞ்ச முடியாது, அதான் வாட்டம். தேங்கின தண்ணிய கொஞ்சமும் தாங்காத மரம் பலா. ஒரு முழம் தோண்டிப் பாருங்க, அழுகின முட்டை வாடை வந்தா காத்தே போகலைன்னு அர்த்தம். சுத்தி வாய்க்கால் எடுங்க, வேர மட்டும் வெட்டிராதீங்க. அடுத்த தடவ வயல்ல வச்சா மேடு போட்டு வைங்க, இல்ல நீர்மருது வைங்க.

கேள்வி: கண்டல் மரம் (அலையாத்தி) மட்டும் எப்படி உப்புலயே நிக்கு? என் காயல் ஓரத்துல வைக்கலாமா?

கண்டல்ல பல வகை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழி. சுரபுன்னை வேர்லயே வடிகட்டி பெரும்பங்கு உப்ப வெளியவே நிறுத்திரும், முட்டு கொடுத்த மாதிரி இறங்குற வேர்ல உள்ள சின்ன துளை வழியா காத்து எடுக்கும். வெண்கண்டல் உள்ள வந்த உப்ப இலையில உள்ள சுரப்பி வழியா வெளிய தள்ளும், வெயில் நேரத்துல இலைய தடவினா கையில உப்பு ஒட்டும், ஒரு தடவ செஞ்சு பாருங்க, எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு. சேத்துக்கு மேல பென்சில் மாதிரி நிக்குறது அதோட மூச்சுவேர், மிதிச்சு ஒடிச்சிராதீங்க. கடல் தண்ணி ஏத்தஎறக்கம் வர்ற சேறா இருந்தா தாராளமா வைங்க. பேர்ல புன்னை இருக்கேன்னு நாத்து மாத்தி வாங்கிராதீங்க, சுரபுன்னையும் புன்னையும் வேற வேற மரம்.

கேள்வி: கடலப் பாத்த வீடு, வச்சதெல்லாம் கருகுது.

புன்னை, பூவரசு, முன்னாடி தாழை. இது மண்ணு உப்பு இல்ல, காத்துல வர்ற உப்பு, அதான் கடல் பக்கத்து இலை மட்டும் கருகும். முதல் ரெண்டு வருஷம் ஓலை மறைப்பு கட்டுங்க, காத்தடிச்ச மறுநாள் இலைய நல்ல தண்ணில கழுவி விடுங்க.

கேள்வி: அப்பா தென்னங்குழில கல்லுப்பு போடுவாங்க, அது தப்பா?

தப்பில்ல. தென்னைக்கு குளோரின் ஒரு சத்து, குலசேகரம் பக்கம் மாதிரி மழை கழுவின செம்மண்ணுல உப்பு போட்டா பலன் உண்டு. கடலோர விளையில மட்டும் வேண்டாம்.