சாலையோரம் வெள்ளைச் சைக்கிளைப் பூட்டி வைப்பது ஏன்?

அமெரிக்க நகரங்களில் டயர் முதல் கைப்பிடி வரை வெள்ளையடித்த சைக்கிள்கள் கம்பங்களில் பூட்டப்பட்டிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வாகனம் மோதி அங்கே உயிரிழந்த சைக்கிளோட்டிக்கு ஊர்மக்கள் வைக்கும் நினைவுச் சின்னம் அது. கோஸ்ட் பைக் என்பது அதன் பெயர்.

2003ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில், சைக்கிள் தடத்திலேயே ஒருவர் மீது கார் மோதியதைக் கண்ட பாட்ரிக் வான் டெர் டுயின் என்பவர், அவ்விடத்தில் பலகையோடு ஒரு வெள்ளைச் சைக்கிளை நிறுத்தினார். வாகன ஓட்டிகளிடம் அது ஏற்படுத்திய தாக்கத்தைக் கண்டபின், விபத்து நடந்த வேறு இடங்களிலும் நண்பர்களுடன் வைத்தார். (அந்த முதல் சைக்கிள் இறந்தவருக்காக வைக்கப்பட்டதல்ல என்பது பலருக்குத் தெரியாது.)

பெரும்பாலும் ஓட்ட உதவாத பழைய சைக்கிளையே எடுத்து, திருடர் கண்ணில் படாதிருக்க செயின், பிரேக் கம்பி முதலியவற்றைக் கழற்றிவிட்டு, இறந்தவரின் பெயரும் தேதியும் எழுதிய சிறு பலகையை மாட்டுகிறார்கள். பராமரிப்புதான் கடினம்: மழையிலும் பனியிலும் வண்ணம் உரியும், பூக்கள் வாடும். அனுமதிச் சிக்கலும் உண்டு. நியூயார்க்கில் 2010ஆம் ஆண்டு கைவிடப்பட்ட சைக்கிள்களோடு இவற்றையும் அகற்ற நகராட்சி முன்மொழிந்து, எதிர்ப்புக்குப்பின் விலக்களித்தது.