ஒட்டுசுட்டான் 4ஜி ரவுட்டர்: கேபிளை நீட்டாதீங்கோ

வணக்கம் தம்பி. தகரக் கூரை வீட்டுக்குள்ள ஆர்எஸ்ஆர்பி (ரவுட்டர் காட்டுற சிக்னல் பலம்) மைனஸ் 112, அதாவது பலவீனம்; கூரைக்கு மேல அன்ரனா பூட்டி 15 மீற்றர் கேபிள் இழுத்தும் வேகம் கூடேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அன்ரனாவில பிழையில்லை, கேபிள்தான் தின்னுது. நீங்கள் போட்டது ஆர்ஜி58 எண்ட மெல்லிய அன்ரனா கேபிள். 4ஜி ஓடுற 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில அது மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.8 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கிற அலகு) இழக்கும். 15 மீற்றருக்கு 12 டெசிபெல். அதாவது அன்ரனா பிடிக்கிற சிக்னலில பதினாறில ஒரு பங்குதான் ரவுட்டருக்கு வந்து சேருது.

ரவுட்டரையே மேல கொண்டுபோங்கோ. வெயில் படாத தாழ்வாரத்தில, கீழ்ப்பக்கம் காற்றோட்டத் துளை போட்ட பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள வையுங்கோ. அன்ரனாவுக்கு 1 மீற்றர் கேபிள் காணும். ரவுட்டரில இருந்து வீட்டுக்குள்ள லான் வயர் (கணினியை இணைக்கிற நெற்வேர்க் வயர்) இறக்கினால் 100 மீற்றர் வரை வேகம் குறையாது.

அன்ரனாவின்ர ரெண்டு வயரையும் பூட்டினீங்களோ? ஒண்டு விட்டால் வேகம் பாதி வரை குறையலாம். பிறகு அன்ரனாவை 10 பாகையாத் திருப்பி, ஒவ்வொருக்கா அரை நிமிசம் பொறுத்து ரவுட்டரின்ர பக்கத்தில எஸ்ஐஎன்ஆரை (இரைச்சலோட ஒப்பிட்ட சிக்னல் தரம், கூடினால் நல்லது) பாருங்கோ. ரவுட்டர் காட்டுற சிக்னல் கோடுகளை நம்பாதீங்கோ. எஸ்ஐஎன்ஆர் 10க்கு மேல வந்தால் அந்த இடத்திலேயே இறுக்குங்கோ.

சித்திரை, ஐப்பசி இடிக்கு முதலே லான் வயரையும் மின்சாரத்தையும் கழட்டுங்கோ. இடி தொடங்கினாப் பிறகு கைவைக்கவேண்டாம்.