வீல் சுடுது, சிவப்பு லைட்டும் எரியுது

கேள்வி: அண்ணாச்சி, எனக்க வண்டி 2007 மாடல் கார், முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் கிடையாது. வீடு குளச்சல்ல கடலுக்குப் பக்கத்துல. கொஞ்ச நாளா வளைவுல திரும்பும்போது சிவப்பு பிரேக் லைட்டு மின்னி மின்னி அணைஞ்சுது, ஹேண்ட்பிரேக் முழுசா எறக்கிதான் இருந்துச்சு. வர்க்‌ஷாப்புல பிரேக் ஆயில் ஊத்தினாவ, லைட்டு போயிட்டு. ஆனா வண்டி இடதுபக்கமா இழுக்கு, நாகர்கோவில் போயிட்டு வந்தா இடது முன்வீல்ல கருகின வாசன அடிக்கு, மைலேஜும் கொறஞ்சிட்டு. ரெண்டும் வேற வேற கம்ப்ளைண்டா?
(குளச்சல் வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குப் படுது. இத சரிபண்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, கீரிப்பாறை மாதிரி மலையிறக்கம் பக்கம் போகவே வேண்டாம்.

அந்த லைட்ட எரிய வைக்கிறது ரெண்டு சுவிட்ச், ஒண்ணு ஹேண்ட்பிரேக் லிவர்ல, இன்னொண்ணு ஆயில் டப்பாக்குள்ள மிதக்குற ஃப்ளோட்ல. ஆயில் கொறைவா இருந்தா வளைவுல ஒருபக்கமா சாயும், ஃப்ளோட் எறங்கும், லைட்டு மின்னும். சரி, ஆயில் எங்க போச்சு? ஒண்ணு லீக், இல்லன்னா பேட் (டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்குற கட்ட) தேய்ஞ்சு போச்சு. பேட் தேயத் தேய அதத் தள்ளுற பிஸ்டன் வெளிய வரும், அந்த எடத்த நிரப்ப டப்பாவுல ஆயில் எறங்கும். உங்க இடது வீல் பிரேக் விடாம உரசிகிட்டே ஓடியிருக்கு, பேட் தேய்ஞ்சிருக்கு, அதத்தான் லைட்டு சொல்லிச்சு. ஆயில ஊத்தி அதோட வாய அடைச்சிட்டாங்க, எனக்கு இதுலதான் வருத்தம். நாலு வீல் உள்பக்கமும் ஈரம் இருக்கான்னு பாருங்க, பெடல மிதிச்சுப் பிடிச்சா மெதுவா கீழ எறங்குதான்னும் பாருங்க.

இனி வீல். சமதளத்துல ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வச்சு, பின்வீலுக்குக் கல்லு முட்டுக் குடுங்க. பிரேக்க ஒருதடவ நல்லா மிதிச்சு விட்டுட்டு வீல கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா கேலிப்பர்ல (பேட்டும் பிஸ்டனும் இருக்குற பாகம்) உள்ள நிப்பிள, அதாவது ஆயில் வெளிய விடுற சின்ன திருக, லேசா லூஸ் பண்ணுங்க, ட்யூப் மாட்டி பாட்டில்ல விட்டுட்டு. ஆயில் பீச்சிட்டு வீல் ஃப்ரீ ஆச்சுன்னா உள்ள பிரஷர் சிக்கியிருக்கு, ஒரு வீல் மட்டும்னா பெரும்பாலும் வீலுக்கு ஆயில் கொண்டுபோற ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைச்சிருக்கும், ரெண்டு முன்வீலும்னா பெடல் அழுத்துற மாஸ்டர் சிலிண்டர பாக்கணும். நிப்பிள தொறந்தும் வீல் சுத்தலன்னா பிஸ்டனோ, கேலிப்பர் நகர்ற கம்பியான கேலிப்பர் பின்னோ துருப்பிடிச்சு நிக்கு.

கடலோர வண்டிங்கிறதால என் சந்தேகம் இந்தக் கடைசி ரெண்டுமேலதான். முட்டம் பக்கத்து வண்டி ஒண்ணுல கேலிப்பர் பின்ன கழட்டினப்போ அத மூடுற ரப்பர் உறையில (பூட்) ஊசி குத்தின மாதிரி ஒரு சின்ன கிழிசல்தான், உள்ள காப்பிப்பொடி மாதிரி துரு கொட்டிச்சு, ஒரு பேட் தகரம் தெரிய தேய்ஞ்சு அடுத்தது பாதி அப்படியே இருந்துச்சு. உப்புக்காத்துக்கு அந்தக் கிழிசல் போதும். உங்களுக்கும் பேட் இப்படி ஏத்தெறக்கமா இருந்தா மொதல்ல கேலிப்பர் பின்ன பாருங்க. ரப்பர் உறைய மாத்தி, பிரேக்குக்குன்னு வர்ற சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்க, சாதா கிரீஸ் ரப்பர வீங்க வச்சிரும். பேட் ரெண்டு பக்கமும் சேத்தே மாத்துங்க. பிஸ்டன உள்ள தள்ளும்போது அன்னைக்கு ஊத்தின ஆயில் பொங்கி வழியும், கொஞ்சம் எடுத்துட்டு தள்ளணும், பெயிண்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

பழைய ஆயில முழுசா மாத்திருங்க. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் இழுத்துட்டா அது 140 வரைக்கும் எறங்கலாம், உங்க வீல் சுடுற சூட்டுக்கு பெடல் பொதபொதன்னு ஆயிரும். நம்ம ஊருல மழையும் ரெண்டு பருவம், 2 வருஷத்துக்கு ஒருக்க மாத்துறது நல்லது.

வேல முடிஞ்சதும் பெடல் கெட்டியாகுற வரைக்கும் நாலஞ்சு தடவ மிதிச்சுட்டுத்தான் வண்டிய நகத்தணும், மொத மிதி அடிவரைக்கும் போவும். அப்புறம் திங்கள்நகர் வரைக்கும் மெதுவா போயி வந்து, டிஸ்க்க தொடாம, ரெண்டு முன்வீல் கிட்டயும் கைய கொண்டுபோயி பாருங்க. சூடு ஒண்ணுபோல இருக்கணும்.