அப்ரைசல், பிஐபி, பெல் கர்வ்: கேள்வி பதில்

கேள்வி: 60 நாள் பிஐபியில் (வேலையில் குறை என்று சொல்லி, திருந்தக் கெடு வைக்கும் திட்டம்) போட்டிருக்கிறார்கள். இப்போதே ராஜினாமா செய்தால் அனுபவச் சான்றிதழில் எதுவும் வராது என்கிறார் ஹெச்.ஆர். செய்யலாமா?

இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். முதலில் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: எந்த வேலையில் குறை, எதை எட்டினால் தேறியதாக அர்த்தம், வாராவாரம் யார் பார்ப்பார்கள்? ‘பொறுப்புணர்வு கூட வேண்டும்’ என்பதெல்லாம் இலக்கே இல்லை. வாரத்துக்கு இத்தனை டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) முடிக்க வேண்டும் என்றால் அது இலக்கு. ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும் பேசியதை மெயிலில் அனுப்பிவிடுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கூடவே வேறு வேலையும் தேடுங்கள். பல இடங்களில் முடிவை எடுத்த பிறகுதான் பிஐபியே தருகிறார்கள்.

கேள்வி: அப்ரைசல் ரேட்டிங்கில் 4 எதிர்பார்த்தேன், 3 கொடுத்துவிட்டார்கள்.

காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மேனேஜர் 4 தான் போட்டாராம். பெல் கர்வில் 3 ஆகிவிட்டதாம். இது நியாயமா?

இல்லை. பெல் கர்வ் என்றால் இத்தனை பேருக்கு உயர்ந்த ரேட்டிங், இத்தனை பேருக்குத் தாழ்ந்த ரேட்டிங் என்று முன்பே பங்கு வைப்பது. பெரிய கூட்டத்துக்குப் பொருந்தும் அந்த வளைவை எட்டுப் பேர் டீமில் திணிக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் வடிகட்டி எடுத்த எட்டுப் பேரில் ஒருவர் கட்டாயம் மோசமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? மைக்ரோசாஃப்ட் 2013-லேயே இந்த முறையைக் கைவிட்டது.

கேள்வி (டீம் லீடர் ஒருவர்): ஒத்துக்கொள்ள மாட்டேன். கர்வ் இல்லாவிட்டால் எல்லா மேனேஜரும் எல்லாருக்கும் 4 போடுவார்கள். அமெரிக்காவின் ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனத்தை அதன் தலைவர் ஜாக் வெல்ச் வளர்த்தது அப்படித்தானே?

மேனேஜர்கள் தாராளமாகப் போடுவார்கள் என்பது உண்மை. அதற்கு மேனேஜரிடம் ஆதாரம் கேட்க வேண்டும். வேலை செய்தவரின் மதிப்பெண்ணை ஏன் வெட்ட வேண்டும்? வெல்ச் ஊழியர்களை மேல் 20, நடு 70, கடைசி 10 சதவீதம் என்று பிரித்தார், சரி. ஜிஇயே பின்னாளில் அதை விட்டுவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி 10-இல் விழக்கூடாது என்றால் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஏன் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்? டீம் உடைவது அங்கேதான்.

கேள்வி (அவரே): அப்போது சோம்பேறியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தாரா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். குறையை அந்த வாரமே, தனியாக, உதாரணத்தோடு சொல்லுங்கள். ஜூனில் நடந்ததை மார்ச் அப்ரைசலில் எடுத்து நீட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: டார்கெட்டுக்காக வாடிக்கையாளர் கேட்காத பாலிசியைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்று விரட்டினார்கள். ஊழியர்கள் கேட்காமலே கணக்கு திறந்தார்கள். 2016-இல் வெளியே வந்தபோது வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம்; வேலை போனது சுமார் 5,300 பேருக்கு. வாய்மொழியாகச் சொன்ன உத்தரவு உங்களைக் காப்பாற்றாது. ‘நீங்கள் சொன்னபடி செய்யட்டுமா?’ என்று மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

கேள்வி: மேலதிகாரி பாலியல் தொல்லை தருகிறார். ரேட்டிங் போடுபவரும் அவர்தான்.

ஹெச்.ஆரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணை நடக்கும்வரை உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்றும் கேளுங்கள். அதற்கு விதியில் இடம் உண்டு. சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

கேள்வி: எனக்கும் 3 தான் சார்.

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள். ரேட்டிங் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வேலையை விடும்போது தரும் செட்டில்மென்ட் தொகைக்கு வரி உண்டா?

ஆடிட்டரைக் கேளுங்கள். கணக்கு விவரத்தை மட்டும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.