அழுதால் பிள்ளையின் ஆத்மா சாந்தியடையாதா?

கேள்வி: ஏழு மாதத்துக்கு முதல் எங்கடை ஒன்பது வயது மகன் குளத்திலை தாண்டு போனான். நான் சமைச்சுக்கொண்டு நிண்டன், அவன் வெளிக்கிட்டதைக் காணேல்லை. பின்னேரத்திலை அவன்ரை சைக்கிள் மணி கேக்கும், வாசலுக்கு ஓடுவன். அழுதால் ஆத்மா சாந்தியடையாது, பூசாரியிட்டைப் போவம் எண்டு மாமி சொல்லுறா. இவர் வயலாலை குடிச்சிட்டுத்தான் வாறார். பதினொரு வயது மகளுக்கு விடிஞ்சால் வயித்துக்குத்து, பள்ளிக்கூடம் போறாளில்லை. எனக்கு விசர் பிடிக்கப்போகுதோ?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: இல்லை அம்மா. இறந்த பிள்ளையின் குரலும் மணிச்சத்தமும் கேட்பது பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் சாதாரணமாக நடப்பது. கோயில் ஆறுதல் தந்தால் போங்கள். பேயோட்டுகிறோம் என்று அடிக்கவோ பட்டினி போடவோ ஒருவரையும் விடாதீர்கள். அழுகையையும் அடக்க வேண்டாம். எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற சடங்குகள் முடியும்வரைக்கும் வீடு நிறையச் சனம் இருக்கும். முப்பத்தோராம் நாள் முடிந்து எல்லாரும் போனபிறகுதான் துக்கம் அழுத்தத் தொடங்கும். "இன்னும் அழுறியோ" என்று கேட்கிற நேரம் அதுவல்ல. மாமியும் பேரனைப் பறிகொடுத்தவர்தான். அவன் சின்னனில் செய்த குழப்படியை அவரிடம் கேட்டுப்பாருங்கள், அவரும் அழுவார்.

கணவர் குடிப்பதால், எல்லாவற்றுக்கும் முதல் ஒரு வேலை, இன்றைக்கே. வீட்டில் இருக்கிற களைநாசினி, பூச்சிமருந்துப் போத்தல் எல்லாவற்றையும், பாதி முடிந்ததையும் சேர்த்து, வேறு வீட்டில் பூட்டி வைக்கக் கொடுங்கள். திறப்பும் அங்கேயே இருக்கட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் குடிவெறியும் இருந்து, கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சும் இருந்தால் உயிர் போகிற ஆபத்துக் கூடும். கணவரிடம் நேராகவே கேளுங்கள்: "சாகலாம் எண்டு யோசினை வருதோ?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. ஓம் என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

அவரை முன்னால் இருத்தி வைத்துக் கதைக்கப் பார்க்காதீர்கள். பல ஆண்களுக்கு அது விசாரணை மாதிரி. வேலி கட்டும்போதோ நெல் காயவிடும்போதோ, குடிக்காத நேரம் பார்த்து, மகனைப்பற்றி ஒரே ஒரு விசயம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் மறுமொழி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது இங்கே பொருந்தும்: துக்கப்படுகிறவர் ஒருநேரம் இழப்போடு இருப்பார், இன்னொருநேரம் அன்றாட வேலைக்குள் போய்விடுவார், இரண்டும் வேண்டும். நீங்கள் அழும்போது அவர் வரம்பு கட்டுவது பிள்ளையில் பாசமில்லாமல் அல்ல. ஆனால் குடி வேறு. அது நித்திரையைக் குலைத்து அடுத்தநாள் துக்கத்தைக் கூட்டும்.

உங்கள் நித்திரைக்கு: எவ்வளவு பிந்திப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். மதியத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். இருபது நிமிடமளவில் கண் அயராவிட்டால் எழும்பி வேறிடத்தில் இருந்துவிட்டு, நித்திரை வரும்போது படுங்கள். அயலவரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள்; டயசிபாம் போன்றவை சில கிழமைகளிலேயே பழக்கமாகிவிடும்.

"நான் பாத்திருந்தால்" என்ற நினைவுக்குக் கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது, வலப்பக்கம் பிறகு தெரியவந்தது. பகலில் கால் மணித்தியாலம் போதும், படுக்கப்போகும் முன் வேண்டாம். உங்களைக் குற்றவாளியாக்குகிற அநேகமானவை வலப்பக்கத்தில்தான் வந்து விழும்.

மகளின் வயிற்றுக்குத்து நடிப்பல்ல. ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். நோய் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லி முதல் கிழமை இடைவேளை வரைக்கும் அனுப்பி, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டில் நிற்கவிட நிற்கவிடப் போவது கடினமாகும். தம்பிக்குப் பதில் தான் போயிருக்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் அவளோடு மட்டும், அவளைப்பற்றி மட்டும் கதையுங்கள்.

புத்தகப்பை, சீருடையை எரிக்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். மாரிக்கு முன் வெயிலில் காயவிட்டு, மூடியுள்ள பெட்டியில் போட்டு, கறையான் ஏறாமல் கல்லடுக்கின் மேல் வையுங்கள். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, ஊர்வழக்கத்தையும் தாண்டி, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிற துக்கத்தையே சிகிச்சை தேவையான நிலையாகக் கொள்கிறது. அதனால் ஏழாம் மாதத்தில் அழுவது மட்டும் நோயல்ல. சமைக்க, குளிக்க, மகளைப் பார்க்க முடியாமல் போனால், அல்லது அவனிடமே போய்விட வேண்டும் என்று தோன்றினால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வுக்குக் குளிசை தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அதற்குள் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

கேள்வி: 2009இலை காணாமல் போன மகனுக்குத் திவசம் செய்யச் சொல்லி உறவுகள் நெருக்குகினம். மனம் ஒப்பேல்லை.
– தகப்பன், முல்லைத்தீவு

பதில்: ஒப்பாவிட்டால் செய்யாதீர்கள் ஐயா. முடிவு தெரியாத இழப்பில் நம்பிக்கையும் துக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றை விடச்சொல்லி நெருக்க ஒருவருக்கும் உரிமையில்லை. பிறந்தநாளில் விளக்கேற்றி அன்னதானம் கொடுக்கலாம், அதற்கு மரணத்தை ஏற்கத் தேவையில்லை. காணி, வங்கி அலுவலுக்கு மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்றில்லை: 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழையும் பெறலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது நித்திரை கெட்டால், நினைவேந்தலுக்குப் போவதா, யாரோடு போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். பலருக்கு அந்த நாளைவிட அதற்கு முந்தின கிழமைதான் கடினம்.