கமிட்டி அறையில் மசோதாவுக்கு என்ன நடக்கிறது? கலிஃபோர்னியா பற்றி நீங்கள் கேட்டதும் என் பதில்களும்

பதினோரு வருடமாக, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பின் சார்பில் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போய் வருகிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் உள்ளாட்சி கமிட்டி, பொதுப் பாதுகாப்பு கமிட்டி, நீதித்துறை கமிட்டி மூன்றிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சான் ரமோனிலிருந்து ஒருவர்: அக்கா, அசெம்பிளியில் 80 பேர், செனட்டில் 40 பேர் ஓட்டுப் போட்டுத்தானே சட்டம் வருகிறது? கமிட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் பெரும்பாலான மசோதாக்கள் அந்த 80 பேர் முன்னாலோ 40 பேர் முன்னாலோ போய்ச் சேருவதே இல்லை. மசோதா தாக்கலானதும் பொதுவாக 30 நாள் சும்மா இருக்க வேண்டும், அது மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் விஷயத்துக்கு ஏற்றபடி கமிட்டிக்கு அனுப்புவார்கள்: நகரம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நிலப் பயன்பாடு என்றால் உள்ளாட்சி கமிட்டி, குற்றம் தண்டனை என்றால் பொதுப் பாதுகாப்பு, சிவில் உரிமை, வாடகை வழக்கு மாதிரி விஷயம் என்றால் நீதித்துறை. சில மசோதா இரண்டு கமிட்டியைத் தாண்டிவர வேண்டியிருக்கும். செலவு இருந்தால் நிதி ஒதுக்கீட்டு கமிட்டியும் உண்டு. இவ்வளவும் ஒரு சபையில் முடிந்த பிறகு, அடுத்த சபையில் அதே பாதையை முதலிலிருந்து நடக்க வேண்டும். வார்த்தை மாறுவதும், விதிவிலக்கு நுழைவதும், கிடப்பில் போடப்படுவதும் எல்லாம் இந்த இடத்தில்தான்.

பெயர் போட விரும்பாதவர்: 2023-இல் குழந்தைக் கடத்தல் பற்றிய ஒரு பில் தோற்றது, ஆனால் யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை என்று படித்தேன். இது எப்படி?

எஸ்.பி. 14-ஐச் சொல்கிறீர்கள் (எஸ்.பி. என்றால் செனட்டில் தொடங்கிய மசோதா). ஷானன் க்ரோவ் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் கொண்டுவந்தது. பாலியல் தொழிலுக்காகச் சிறுவர் சிறுமியரைக் கடத்துவதைக் கடுங்குற்றப் பட்டியலில் சேர்ப்பது அதன் நோக்கம். அந்தப் பட்டியலில் சேர்ந்தால், திரும்பத் திரும்பக் கடுங்குற்றம் செய்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும் ‘மூன்று முறை’ சட்டக் கணக்கில் வரும், தண்டனை மிக நீளும். செனட்டில் ஒரு எதிர்ப்பு ஓட்டும் இல்லாமல் நிறைவேறியது.

ஜூலை 11 அன்று அசெம்பிளியின் பொதுப் பாதுகாப்பு கமிட்டிக்கு வந்தது. அங்கே எட்டு உறுப்பினர்கள். இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆதரவாகப் போட்டார்கள், மற்ற ஆறு ஜனநாயகக் கட்சிக்காரர்களும் ஓட்டே போடவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம், ஆனாலும் தோல்வி! வந்திருப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதாது, கமிட்டியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பெரும்பான்மை வேண்டும் என்பதுதான் இங்கே கணக்கு. எட்டில் ஐந்து தேவை. ஆக, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே அது எதிர்ப்பு ஓட்டுதான். இதை நம் ஆட்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் “நான் எதிர்க்கவில்லையே” என்று பின்னால் சொல்ல உறுப்பினர்களுக்கு இது ரொம்ப வசதி.

அப்புறம் பெரிய கூச்சல் எழுந்தது. கவர்னர் நியூசம் பேசினார், புதிதாக சபாநாயகர் ஆகியிருந்த ராபர்ட் ரிவாஸ் தலையிட்டார், இரண்டே நாளில் கமிட்டி மறுபடி கூடி 6–0 என்று அனுப்பிவிட்டது. செப்டம்பரில் சட்டமானது.

ஓட்டுப் போடாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடத்தப்பட்டவர்களையே மிரட்டி மற்றவர்களைச் சேர்க்க வைப்பார்கள், அப்படிப்பட்டவர்களும் இந்தத் தண்டனையில் மாட்டிக்கொள்வார்களே என்ற கவலை உண்மையானது. ஆனால் அப்படி நினைத்தால் எதிர்த்து ஓட்டுப் போட்டு, காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில்தான் கோபம்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து, வீடு வைத்திருப்பவர்: பார்ட் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒன்பது மாடி கட்டலாம் என்று சட்டம் வந்துவிட்டதாமே. எங்கள் நகர சபைக்கு வேலையே இல்லையா?

எஸ்.பி. 79. 2025 அக்டோபரில் கையெழுத்தானது, நடைமுறைக்கு வருவது 2026 ஜூலை 1. ஒன்பது மாடி என்பது ஸ்டேஷனை ஒட்டிய இடத்துக்கு, அங்கிருந்து விலக விலகக் குறையும், அதிகபட்சம் அரை மைல் வரை. 15-க்கு மேல் ரயில் நிலையங்கள் உள்ள கவுண்டிகளுக்கு மட்டும்தான். அலமீடா கவுண்டி அதில் வருகிறது, அதனால் உங்கள் கவலை வீண் இல்லை.

நகர சபைக்கு வேலை இருக்கிறது. கட்டக்கூடிய வீடுகளின் மொத்த அளவைக் குறைக்காமல், எங்கே கூட எங்கே குறைய என்று நகரம் தன் சொந்தத் திட்டம் போட்டுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்யச் சொல்லி இப்போதே உங்கள் கவுன்சிலரைப் பிடியுங்கள்.

இந்த மசோதா கமிட்டியைத் தாண்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கொண்டுவந்த செனட்டர் ஸ்காட் வீனர் 2018 முதல் இதற்காக முட்டிக்கொண்டிருந்தார். அவருடைய எஸ்.பி. 50-ஐ 2019-இல் நிதி ஒதுக்கீட்டு கமிட்டித் தலைவர் ஒருவராகவே அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார், 2020 ஜனவரியில் செனட்டில் 21 தேவைப்பட்ட இடத்தில் 18 ஓட்டுதான் கிடைத்தது, கதை முடிந்தது. 2025-இல் நிலைமை வேறு. செனட்டின் வீட்டுவசதி கமிட்டித் தலைவர் ஆயிஷா வஹாப் எதிர்த்தார், மற்ற உறுப்பினர்கள் அவரை மீறி நிறைவேற்றினார்கள். அடுத்து உள்ளாட்சி கமிட்டித் தலைவர் மரியா எலெனா டுராசோவும் எதிர்த்தார், அங்கேயும் அதே கதை. தலைவர் வேண்டாம் என்றால் மசோதா நின்றுவிடும் என்பதுதான் சாக்ரமெண்டோவில் எழுதாத சட்டம். ஒரே மசோதா இரண்டு தலைவர்களைத் தாண்டிப் போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் இதற்கு ஆதரவு என்பதை மறைக்கவில்லை. ஸ்டாக்டனிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருபவர்களோடு பழகியவள் நான், ஸ்டேஷன் பக்கத்தில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதற்காக உங்கள் கவலையைத் தப்பு என்று தள்ளிவிடவும் மாட்டேன். மாடி உயரும்போது தற்போதைய வாடகைக்காரர்களை வெளியேற்றுவார்களோ என்று நாங்களும் பயந்தோம், அதற்கான பாதுகாப்புகள் கமிட்டித் திருத்தங்களில்தான் சேர்ந்தன.

சன்னிவேலிலிருந்து: சாதி மசோதாவும் இப்படித்தான் கமிட்டியில் மாற்றப்பட்டதா?

ஆமாம். எஸ்.பி. 403, 2023. கொண்டுவந்தவர் மேலே சொன்ன அதே ஆயிஷா வஹாப்தான். முதலில், பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் இனம், மதம், பாலினம் மாதிரி ‘சாதி’யையும் தனி வகையாகச் சேர்ப்பதாக இருந்தது. செனட்டில் 34–1 என்று நிறைவேறியது. அசெம்பிளியின் நீதித்துறை கமிட்டிக்கு வந்தபோது, தனி வகை என்பது போய், ‘வம்சாவளி’ என்ற ஏற்கெனவே இருக்கும் வகைக்குள் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தருவதாக மாறியது. மசோதாவைக் காப்பாற்ற வஹாப் ஒத்துக்கொண்ட திருத்தம் அது. பிறகு இரு சபையும் தாண்டி கவர்னரிடம் போனது, அக்டோபர் 7 அன்று அவர் வீட்டோ செய்தார். இருக்கிற சட்டமே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது, இது தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

எனக்கு அந்த வீட்டோ இன்றும் வலிக்கிறது. ஒரு வார்த்தை சட்டத்தில் இருந்தால் புகார் கொடுக்கப் போகிறவருக்கு எவ்வளவு தைரியம் வரும் என்பது ஊரில் வளர்ந்த நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ‘வம்சாவளி’க்குள் அடங்கும் என்று கமிட்டியில் மாற்றியதே, ‘அப்படியானால் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று வீட்டோவுக்கு வாதம் எடுத்துக்கொடுத்ததாகிவிட்டது. இது என் கருத்து. ஒரு திருத்தத்தின் விளைவு மூன்று மாதம் கழித்து வேறொரு மேஜையில் தெரியும், அதனால்தான் திருத்தம் வந்த அன்றே படியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

கேள்வி: சஸ்பென்ஸ் ஃபைல் என்றால்?

நிதி ஒதுக்கீட்டு கமிட்டியின் கிடங்கு. அசெம்பிளியில் மாநிலத்துக்கு 1,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் செலவு வைக்கும் மசோதா நேராக அதற்குள் போகும். செனட்டில் பொது நிதியிலிருந்து என்றால் 50,000 டாலரே போதும். வருடத்தில் இரண்டு தடவை, மே மாதம் ஒன்று, கோடைக் கடைசியில் ஒன்று, தலைவர் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மசோதாக்களின் எண்களைப் படபடவென்று வாசிப்பார். சாட்சியம் கிடையாது, விவாதம் கிடையாது, காரணமும் சொல்ல மாட்டார்கள். நான்கில் ஒன்று, சில தடவை மூன்றில் ஒன்று அதோடு காலி. நாங்கள் இரண்டு வருடம் உழைத்த ஒரு மசோதா போன நேரம் நான்கு விநாடி. முடிவைக் கேட்டுவிட்டு நடைபாதையில் வந்து அழுதிருக்கிறேன்.

மவுண்டன் ஹவுஸிலிருந்து: எங்கள் ஊர் 2024 ஜூலையில்தான் நகரமானது. மாநிலம் ஒன்றைச் செய்யச் சொன்னால் பணம் யார் தருவது?

மாநிலம் புது வேலையைச் சுமத்தினால் மாநிலமே ஈடு செய்ய வேண்டும் என்று 1979-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மசோதாவின் கடைசிப் பகுதியைப் படியுங்கள், “உள்ளாட்சிக்குக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் இருப்பதால் ஈடு தேவையில்லை” என்கிற அர்த்தத்தில் ஒரு வரி அடிக்கடி இருக்கும். புதுக் குற்றம் ஒன்றை உருவாக்கும் மசோதாவுக்கும் ஈடு இல்லை. கவுண்டி சிறை, அரசு வக்கீல் அலுவலகம், ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் எல்லாம் பெரும்பாலும் கவுண்டி பணத்தில் ஓடுகிறவை, ஆக சாக்ரமெண்டோவில் தண்டனையைக் கூட்டினால் செலவு வந்து சேருவது கவுண்டிக்கு. 2011-இல் சின்னக் குற்றங்களுக்கான கைதிகளை மாநிலச் சிறையிலிருந்து கவுண்டிக்கு மாற்றிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பொதுப் பாதுகாப்பு கமிட்டியில் கவுண்டி பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

கோவையிலிருந்து வந்து இரண்டு வருடமான ஒருவர்: நம் ஊர் சட்டமன்றத்திலும் இப்படி கமிட்டி உண்டா?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மசோதாவையும் துறைவாரியாக ஆராயும் நிலைக்குழு முறை இல்லை. அந்த ஒரு மசோதாவுக்காக அமைக்கும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம், அபூர்வம். கேரளத்தில் பொருள்வாரிக் குழுக்கள் உண்டு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சென்னையில் குரல் ஓட்டில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தது நினைவிருக்கும். அந்தத் தொழிற்சங்கங்களை முன்னாலேயே ஒரு அறையில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

கேள்வி: நகர சபைக் கூட்டத்தில் ஸூமில் பேசலாமா? எங்கள் ஊரில் நிறுத்திவிட்டார்கள்.

30,000 பேருக்கு மேல் உள்ள நகரம் என்றால் 2026 ஜூலை 1 முதல் போனிலோ வீடியோவிலோ பொதுமக்கள் பேச வழி வைக்க வேண்டும். எஸ்.பி. 707, டுராசோவின் மசோதா. உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று சொல்லும், 1953-இலிருந்து இருக்கும் பிரவுன் சட்டத்தைத் திருத்தியது. நல்ல வேலை செய்தார்.

கேள்வி: நான் எச்1பி. கமிட்டியில் பேசினால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? எப்படிப் பேசுவது?

குடியுரிமை கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம், கடிதம் அனுப்பலாம். தேர்தல் நன்கொடை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் கொடுக்கலாம். வீடியோ பதிவு இணையத்தில் குறைந்தது 20 வருடம் இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கடிதம்தான் முதல் வேலை. ஹியரிங்குக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் ஊழியர் எழுதும் ஆய்வுக் குறிப்பில் உங்கள் பெயரோ அமைப்பின் பெயரோ வரும். உறுப்பினர்களில் பலர் மசோதாவைப் படிக்க மாட்டார்கள், அந்தக் குறிப்பைப் படிப்பார்கள். ஒரு பக்கம் போதும். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், எந்த வரி மாற வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஹைஸ்கூலில் படிக்கும் தங்கை ஒருத்தி: எனக்கு 16 வயது, நானும் போகலாமா அக்கா?

தாராளமாக வா. ஹியரிங் கேப்பிடல் என்ற சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கலாம், இல்லையென்றால் 1021 ஓ ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருக்கலாம், எந்த அறை என்று அன்றைய பட்டியலில் பார்த்துக்கொள். இரண்டிலும் செக்யூரிட்டி வரிசை உண்டு, ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடு, சாப்பிட ஏதாவது கையில் வைத்துக்கொள், உன் மசோதா எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொதுவாக இரு தரப்பிலும் இரண்டிரண்டு முக்கியச் சாட்சிகள்தான் விரிவாகப் பேசுவார்கள், அவர்களுக்கே இரண்டு நிமிடம் போலத்தான் கிடைக்கும். மற்றவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று மைக்கில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்ல வேண்டும். கை நடுங்கும், எனக்கு முதல் தடவை என் பெயரே தொண்டையில் நின்றுவிட்டது. சொன்னதும் நகர்ந்துவிடு, உனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.