பென்ஷன் பேப்பரில் இல்லாத தங்கை

கேள்வி: என் தங்கைக்கு 33 வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு, இடது காலும் பலமில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். மருத்துவக் குழுவில் அறிவுசார் குறைபாட்டுக்கு 75, காலுக்கு 20 என்றார்கள். கூட்டினால் 95 வருகிறது. சான்றிதழில் 78 என்று போட்டு மஞ்சள் அட்டை கொடுத்துவிட்டார்கள். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 வேண்டுமாம். மேல்முறையீடு செய்யலாமா? நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அவளை என் முகவரிக்கு மாற்றினால் தமிழ்நாட்டு உதவித்தொகை வருமா? அப்பா புதுச்சேரி அரசில் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவர். போன மாதம் இரண்டாவது முறையாக ஸ்டென்ட் வைத்தோம். அவர் பென்ஷன் வாங்குவது இதற்கு இடைஞ்சலாகுமா? அவருடைய பென்ஷன் பேப்பரில் அம்மா, அண்ணன், நான் மட்டும்தான் இருக்கிறோம். தங்கை பெயர் கிடையாது. அதனால் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன்.
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, கடைசி வரியில் எழுதியிருப்பதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். பெற்ற மகளின் பெயர் அப்பாவின் பென்ஷன் பேப்பரில் இல்லை. அதை ஒரு வசதியாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் 78-ஐ முடித்துவிடுவோம். இரண்டு குறைபாடுகள் இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை வைத்துக்கொண்டு, 90-லிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 90-ல் 75 போனால் 15. அதை 20-ஆல் பெருக்கினால் 300. 90-ஆல் வகுத்தால் மூன்று சொச்சம். 75-ம் மூன்றும் 78. மருத்துவக் குழு சரியாகத்தான் போட்டிருக்கிறது. மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கை எதிர்த்துப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். இன்னொன்று: 80 கேட்கும் அந்தத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கானது. அதில் மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். பென்ஷன் வாங்கும் வீட்டுக்கு, 80-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தரும் நீல அட்டை வந்தாலும் அந்தப் பணம் வராது.

இரண்டு சதவீதத்துக்காக இவ்வளவு யோசித்த நீங்கள், அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: “ஏம்பா பாப்பா பேரைப் போடலை?”

கேட்டிருக்க மாட்டீர்கள். ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இது போன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஆபீஸில் யாருக்கும் தெரிய வேண்டாம், பையன்களுக்குப் பெண் பார்க்கும்போது பேச்சு வரக்கூடாது என்று அப்பாக்கள் அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புவார்கள். அம்மாக்கள் தடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிகள் அதிலேயே வளர்ந்து, அதை இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பா ஓய்வு பெற்ற காலத்தில் குடும்ப விவரம் கேட்ட படிவம் 3-ல் குடும்பத்தில் இருக்கும் அத்தனை பேரையும் எழுத வேண்டும். உங்கள் அப்பா எழுதவில்லை. அவர் உடம்பு சரியில்லாதவர், அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நாற்பதை நெருங்குகிறவராக இருப்பீர்கள். உங்களைத் திட்டலாம்.

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள்தான் பொருந்தும். அந்த விதிப்படி அப்பாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு. அம்மாவுக்குப் பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத குறைபாடு உள்ள மகனுக்கோ மகளுக்கோ, ஆயுள் முழுவதும். 25 வயதோடு நின்றுவிடுவது குறைபாடு இல்லாத மகன்களுக்குத்தான். உங்கள் பெயரும் அண்ணன் பெயரும் அந்தப் பேப்பரில் இருப்பதால் ஒரு பைசா வரப்போவதில்லை. வரக்கூடியது தங்கைக்கு மட்டும். அவள் பெயர்தான் அதில் இல்லை.

தொகையைப் பாருங்கள். அப்பாவின் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம், அதாவது 15,000, அதன்மேல் அகவிலை நிவாரணம். எவ்வளவு குறைந்தாலும் 9,000-க்குக் கீழே போகாது. தங்கைக்கு வேறு வழியில் வரும் வருமானம் இந்தத் தொகையையும் நிவாரணத்தையும் சேர்த்ததைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே யாரும் 80 கேட்கப் போவதில்லை. அவளால் உழைத்துப் பிழைக்க முடியாது என்று மருத்துவக் குழு எழுத வேண்டும். நிரந்தரக் குறைபாடு என்று எழுதிவிட்டால் ஒரே சான்றிதழ் போதும். தற்காலிகம் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாக வாங்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது இது. அப்பா தன் கையெழுத்தில், கடைசியாக வேலை பார்த்த அலுவலகத் தலைவருக்கு எழுத வேண்டும்: எனக்கு இப்படி ஒரு மகள் இருக்கிறாள், அவள் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழ், ஆதார், வயதுச் சான்று இணைக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் சேர்க்க முடியும். அவளுக்காகப் பணத்தை வாங்கிச் செலவு செய்யப்போவது யார் என்று நியமனமும் அவரே எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் கோர்ட்டில் கார்டியன் சான்றிதழ் வாங்கி வா என்று அலைக்கழிக்க மாட்டார்கள். அப்பா இல்லாவிட்டால் அம்மா செய்யலாம். இருவரும் போன பிறகு அண்ணன் தம்பி போய் நின்றால், “இப்படி ஒரு பெண் இருப்பதாக ஃபைலிலேயே இல்லையே” என்பார்கள். இரண்டு ஸ்டென்ட் வைத்த மனிதரை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கூடவே ஒன்று. 18 வயது தாண்டியபோதே அப்பா அம்மா சட்டப்படி அவளுக்குக் காப்பாளர் என்ற நிலை முடிந்துவிட்டது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுத்துக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை செலவு கிடைக்கும். அதற்கும் விண்ணப்பியுங்கள்.

மஞ்சக்குப்பம் முகவரிக் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். உண்மையிலேயே அவளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தாராளமாக முகவரியை மாற்றிக் கேளுங்கள். அவள் முத்தியால்பேட்டையில் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அட்டை மட்டும் மஞ்சக்குப்பத்தில் இருப்பது பொய். புதுச்சேரியில் சமூக நலத்துறை தனியாக மாத உதவி தருகிறது. அங்கே போய் 78 சதவீதச் சான்றிதழைக் காட்டி விசாரியுங்கள்.

நியமனத்தில் உங்கள் பெயரையே போடச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் அண்ணனையும் அண்ணியையும் உங்கள் மனைவியையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். தங்கை பெயரில் தனி பேங்க் கணக்கு திறங்கள். வருகிற பணம் அவள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் துணிமணிக்கும் மட்டும். அண்ணன் எப்போது கேட்டாலும் பாஸ்புக்கை எடுத்துக் காட்டுங்கள்.